வினையும் காலமும்

ஆங்கிலத்தில் 'ரைம்' என்றும் 'ரென்ஸ்' என்றும் வழங்கும் இரு சொற்களுக்கும் தமிழிற் 'காலம்' என்னும் ஒரு சொல்லே நின்று பயன்படுகின்றது. முன்னது உலகில் ஓடுகின்ற காலம். பின்னது வினைச்சொல் ஏற்கும் வடிவம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது என்பதை டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஒற்றோ யெஸ்பேர்சன் இலக்கணத்தின் தத்துவம் பற்றி 1924 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியுள்ளார். ஆயினும், நூலிற் கற்பது வேறு, நெருக்கடி ஒன்றில் நின்று அறிவது வேறு. ஆங்கில வினைகளின் காலத்தை ஒரு மாணவன் அறிந்துகொண்டது நூலினால் அன்று. அவன் தன் தாயின் பெயரால் எழுதிய ஒரு விண்ணப்பத்தினால்.

1974 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்துக்கு வந்து சேர்ந்தவன் அவன். வன்னியில் ஒரு குளத்தோரக் கிராமம் அவனது ஊர். பாலர் வகுப்பிலிருந்து உயர்தர வகுப்புவரை தமிழிலேயே படித்தவன். ஆங்கிலம் அவனுக்குப் பாடசாலையிற் கிடைத்ததிலும் வீட்டிற் கிடைத்ததே அதிகம். தந்தையார் அவ்வூர்ப் பாடசாலையில் ஆசிரியர். மாலையில் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்து, மகனைப் பாயில் இருத்தி, ஆங்கில வினைகளை மனனஞ் செய்விப்பது அவருடைய வழக்கமாயிருந்தது.

இதற்கென அவர் ஒரு கொப்பியில் அட்டவணை ஒன்று வரைந்து வைத்திருந்தார். நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் என மூன்று பகுதிகள்; ஒவ்வொன்றினுள்ளும் நந்நான்கு உட்பிரிவுகள்; ஆகப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் இடப்புறம் ஆங்கில வினை. வலப்புறம் அதற்கு நேரான தமிழ். 'எழுதுகிறேன்', 'எழுதிக்கொண்டிருக்கிறேன்', 'எழுதியிருக்கிறேன் அல்லது எழுதிவிட்டேன்' என்றவாறு அது செல்லும். அழகிய கையெழுத்து. பன்னிரண்டு வரிகளையும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்புவிக்க அவனால் முடிந்தது. பரீட்சைகளில் அது அவனைக் கைவிடவில்லை. 'வெற்றிடம் நிரப்புக' என்னும் வினாக்களில் அவன் புள்ளி இழந்தது அரிது.

1973 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், பாடசாலையிலிருந்து திரும்பி வந்து சாய்மனைக் கதிரையில் இருந்த தந்தையார் எழும்பவில்லை. அவருக்கு அப்பொழுது ஐம்பத்துநான்கு வயது. 1942 இல் தொடங்கிய ஆசிரிய சேவை முப்பத்தொரு ஆண்டுகளில் அவ்வாறு முடிந்தது. மகன் உயர்தரப் பரீட்சையை எழுதி, பல்கலைக்கழக அனுமதியும் பெற்றுப் பேராதனைக்கு வந்தான். பிள்ளைகளில் மூத்தவன் அவன். அவனுக்குப் பின் மூன்று தங்கைமார்.

கணவன் இறந்தபின் மனைவிக்கு வரவேண்டிய ஓய்வூதியத்துக்கு எழுதிக் கேட்கும்படி ஊரார் தாயிடம் கூறினர். தமிழில் எழுதினால் மறுமொழி வர நாட்செல்லும், ஆங்கிலத்தில் எழுதினால் கந்தோரில் உடனே பார்ப்பார்கள் என்பது அவர்களது எண்ணம். தாய் மகனுக்கு எழுதினார். மகன் விடுதி அறையில் இருந்து, தந்தையாரின் கொப்பியை அருகில் வைத்துக்கொண்டு, அவ்விண்ணப்பத்தைத் தயாரித்தான். முதலில் தமிழில் எழுதினான். 'எனது கணவர் முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியராகச் சேவை செய்துவந்திருக்கிறார். அவர் சென்ற வருடம் இறந்துவிட்டார்' என்று எழுதியபின், ஒவ்வொரு வினைக்கும் உரிய வரியை அட்டவணையில் தேடி எடுத்து ஆங்கிலத்தில் அமைத்தான். 'செய்துவந்திருக்கிறார்' என்பது 'ஹாஸ் பீன் சேர்விங்' ஆயிற்று. 'இறந்துவிட்டார்' என்பது 'ஹாஸ் டைட்' ஆயிற்று. பிழை எதுவும் அவன் கண்ணுக்குப் புலப்படவில்லை. தாய் கையொப்பமிட்டுத் தபாலில் சேர்த்தார்.

இரண்டரை மாதங்களின் பின் மறுமொழி வந்தது. உதவித்தொகை பற்றி அதில் ஒன்றும் இல்லை. விண்ணப்பத்திலிருந்து விடயம் தெளிவாகவில்லையென்றும், குறித்த ஆசிரியர் இறக்கும்போது சேவையில் இருந்தாரா, அன்றி முன்னரே ஓய்வு பெற்றிருந்தாரா, சேவை முடிவுற்ற திகதி எது என்பவற்றை அறியத்தரவேண்டுமென்றும் எழுதுவினைஞர் ஒருவர் கேட்டிருந்தார். அந்த இரண்டரை மாதமும் வீடு எவ்வாறு நடந்தது என்பதைத் தாய் எழுதவில்லை, தங்கை எழுதியிருந்தாள். தாயின் காப்புச் சோடி அடைவுகடைக்குப் போயிருந்தது.

எழுதுவினைஞர்மீது அவனுக்கு முதலிற் கோபமே வந்தது. இறந்துவிட்டார் என்று எழுதியிருக்க, சேவையில் இருக்கிறாரா என்பதுபோலக் கேட்பது என்ன நியாயம்? விண்ணப்பத்தின் பிரதியையும் மறுமொழியையும் எடுத்துக்கொண்டு, முதலாம் வருட மாணவர்க்கு ஆங்கிலங் கற்பித்த விரிவுரையாளரிடம் சென்றான். அவர் மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த முதியவர், அதிகம் பேசாதவர். வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, ஐயா இப்பவும் படிப்பிக்கிறாரோ?"

"இல்லை, சேர். மோசம் போயிட்டார். அதிலயே எழுதியிருக்கிறன்."

"இரண்டாவது வசனத்தில எழுதியிருக்கிறீர். முதலாவது வசனத்தில அவர் இப்பவும் படிப்பிச்சுக்கொண்டிருக்கிறார்."

மாணவன் ஒன்றும் பேசாது நின்றான்.

விரிவுரையாளர் கூறிய விளக்கத்தின் சாரம் இது. 'ஹாஸ்' என்னும் அச்சிறு சொல் நிகழ்காலத்துச் சொல். அது எந்தச் செயலோடு சேர்ந்தாலும் அச்செயலைப் பேசுகின்ற கணத்தோடு பிணைத்துவிடும். முப்பத்தொரு ஆண்டுகளாக 'ஹாஸ் பீன் சேர்விங்' என்றால், அந்தச் சேவை இன்றுவரை நீண்டு வந்திருக்கின்றது என்பது பொருள். உயிரோடு இல்லாத ஒருவரின் வாழ்க்கைச் செயல்களை ஆங்கிலத்தார் பொதுவாக இவ்வடிவத்திற் கூறுவதில்லை. இன்றோடு பிணைப்பதற்கு அவர் இல்லை. 'ஹாஸ் டைட்' என்பது தன்னளவிற் பிழையன்று. ஆனால் 'சென்ற வருடம்' என்று முடிந்துபோன ஒரு காலத்தைக் குறிக்கும் சொல் பக்கத்தில் வந்தவுடன் அது நிற்கமாட்டாது. 'டைட்' என்று இறந்தகாலமாகவே வரவேண்டும்.

தமிழில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆறுமுக நாவலர் 1879 இல் மறைந்தவர். ஆயினும் 'நாவலர் சிதம்பரத்திலும் ஒரு பாடசாலை நிறுவியிருக்கிறார்' என்று தமிழில் இன்றும் தடையின்றிக் கூறலாம். 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்று, காலையில் ஈரநிலத்தைக் கண்டவன் கூறலாம். தமிழின் 'இருக்கிறது' இங்கு சான்றுகண்டு துணிந்ததைக் காட்டுகின்றது. அல்லது நடந்ததொன்றை நினைவிற் கொணர்ந்து நிறுத்துகின்றது. அதனை 'ஹாஸ்' என்று மாற்றி 'நேற்று' என்பதையும் உடன்வைத்தால் ஆங்கில வசனம் முறிந்துவிடும். தந்தையாரின் அட்டவணையில் இடப்புறமும் சரி, வலப்புறமும் சரி. இரண்டுக்கும் நடுவே அவர் இட்ட சமன்குறியே எல்லா இடத்திலும் பொருந்தாதது.

இதன்பின் மாணவன் தன் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தான். அவற்றிற் சிவப்பு மையால் திருத்தப்பட்டிருந்த பிழைகள் பலவும் தமிழின் வாயிலாக வந்தவை என்பது தெரிந்தது. 'இரண்டு மாதமாக இங்கே இருக்கிறேன்' என்பதை ஆங்கிலத்திலும் வெறும் நிகழ்காலத்தில் எழுதியிருந்தான். ஆங்கிலம் அவ்விடத்தில் 'ஹாவ் பீன்' என்பதையே வேண்டும். 'அவன் வரவில்லை' என்னும் தமிழ் எதிர்மறை காலங்காட்டுவதில்லை. நேற்று வராமையையும் இன்னும் வராமையையும் அது ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'டிட் நொட் கம்'. பின்னதற்கு 'ஹாஸ் நொட் கம்'. 'நாளை மழை பெய்தால்' என்பதில் வருங்கால நிகழ்ச்சியை இறந்தகால வினையடி தாங்கி நிற்கின்றது; ஆங்கிலமோ அவ்விடத்தில் நிகழ்காலத்தை வைக்கின்றது. அவன் இரண்டையும் விடுத்து, எதிர்காலம்தானே என்றெண்ணி 'வில்' சேர்த்திருந்தான்.

ஆங்கிலத்தின் காலங்கள் ஒழுங்கற்றவை என்றே அவன் அதுவரை நினைத்திருந்தான். நாளாந்தம் நிகழ்வதற்கு நிகழ்காலம். அடுத்த வாரம் புறப்படும் புகையிரதத்துக்கும் நிகழ்காலம். இவ்விடயத்தில் தமிழே நேரானது என்பது அவன் கருத்து. இதனை அவன் ஒருநாள் வகுப்பிற் கூறியும்விட்டான். விரிவுரையாளர் சிரித்தார். மறுநாள் நூலகத்துக்குச் சென்று நன்னூலில் வினையியலையும் பொதுவியலையும் வாசித்து வருமாறு பணித்தார்.

அங்கே அவன் கண்டவை அவனுக்கு வியப்பளித்தன. முக்காலத்திலும் ஒரு தன்மையாக உள்ள பொருளை நிகழ்காலத்தாற் கூறுவர் என்று பவணந்தியார் விதித்திருக்கிறார். மலை நிற்கின்றது, ஆறு ஓடுகின்றது என்பன போல்வன அவை. ஆங்கில நூல்கள் பொதுவுண்மைகளுக்கு நிகழ்காலம் என்று சொல்லும் விதியும் இதுவே. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக மயங்கி வருவதையும் நன்னூல் உடன்பட்டுள்ளது. அதற்கும் முந்திய தொல்காப்பியம், விரைவுப் பொருளில் வருங்காலமும் நிகழ்காலமும் இறந்தகாலத்தாற் கூறப்படுவதை எடுத்துரைத்துள்ளது. உணவு விடுதியில் வாளியோடு நிற்கும் பையன் 'இதோ வந்துவிட்டேன்' என்று குரல்கொடுத்துவிட்டு மறுபக்கம் போவதை அவன் நாள்தோறும் கண்டிருந்தான். அது தமிழிலக்கணத்தில் இடம்பெற்ற ஒரு விடயம் என்பதை அன்றே அறிந்தான்.

இன்னுமொன்றும் அவனுக்குச் சொல்லப்பட்டது. பழந்தமிழ்ப் பாடல்களில் 'கின்று', 'கிறு' முதலிய நிகழ்கால இடைநிலைகள் பெரிதும் காணப்படுவதில்லை. தொல்காப்பியர் காலம் மூன்று என்றாராயினும், பழைய வினைவடிவங்களில் இறந்தது, இறவாதது என்னும் இருகூறே தெளிவாக உள்ளது என்பது மொழியியலார் துணிபு. ஆங்கில வினையும் வடிவளவில் இவ்விருகூறே உடையது; எதிர்காலத்துக்கென்று அதற்குத் தனி விகுதி இல்லை. 'வில்' என்பது விருப்பம் என்னும் பொருளுடைய பழைய வினையொன்றிலிருந்து வந்த துணைச்சொல். இரு மொழிகளும் வெவ்வேறு வழிகளில் ஒரே தேவையை நிறைவு செய்துள்ளன. இதனை உணர்ந்தபின் ஆங்கிலம் அவனுக்குப் பகையாகத் தோன்றவில்லை. தமிழும் முன்போல எளியதாகத் தோன்றவில்லை.

எனினும், கந்தோருக்கு அனுப்பவேண்டிய மறுமொழி மேசையிற் கிடந்தது. ஒரு வாரமாக அவன் அதனை எழுதவில்லை. மொழி தெரியாமை மாத்திரம் அதற்குக் காரணமன்று. விரிவுரையாளர் மீண்டும் அவனை அழைத்தார். கரும்பலகையில் நீண்ட கோடொன்றை வெண்கட்டியால் வரைந்தார். ஹான்ஸ் றைக்கன்பாக் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட தருக்க நூலில் வினைக்காலங்களை விளக்கிய முறை அது. ஒரு வினையின் காலத்தை அறிய இரு புள்ளிகள் போதா, மூன்று வேண்டும். பேசுகின்ற கணம் ஒன்று. செயல் நிகழ்ந்த கணம் ஒன்று. மூன்றாவது, பேசுவோன் எந்தக் கணத்திலே தன்னை நிறுத்திக்கொண்டு அச்செயலைப் பார்க்கிறான் என்பது. அட்டவணையின் பன்னிரண்டு வரிகளிலும் இந்த மூன்றாவது புள்ளி எழுதப்படவில்லை.

"கந்தோரில கேட்கிறது என்ன? ஐயா மோசம் போன அண்டைக்கு என்ன நிலைமை எண்டுதானே? அப்ப, நீர் எங்க நிண்டு பார்க்கவேணும்?"

மாணவன் கோட்டின்மீது ஓரிடத்தைக் காட்டினான். விரிவுரையாளர் அவ்விடத்தில் ஒரு புள்ளி இட்டு வெண்கட்டியை அவனிடம் கொடுத்தார்.

அந்தப் புள்ளி 1973 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து ஒரு பிற்பகல். ஓராண்டுக்கு மேலாக அவன் போக விரும்பாத இடம் அது. அவன் எழுதிய முதல் விண்ணப்பம் அந்த நாளைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. சேவை இன்றுவரை நீண்டது. மரணம் 'சென்ற வருடம்' என்னும் பொதுவான சொல்லில் மறைந்தது. இரண்டும் எங்கே சந்தித்தன என்று அதில் இல்லை. எழுதுவினைஞர் கேட்டது அதைத்தான். அவர் கேட்டதில் தவறு இல்லை என்பதை அவன் அப்பொழுது ஒப்புக்கொண்டான்.

புதிய விண்ணப்பத்தில் முதன்மையான வசனம் ஒன்றே. இறந்த திகதியை முதலில் வைத்து, அன்று அவர் 'டைட்' என்று எழுதினான். அது கோட்டின்மீது நிற்கும் புள்ளி. அதற்கு முற்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளையும் 'ஹாட் சேர்வ்ட்' என்பதால் அப்புள்ளிவரை கொண்டுவந்து சேர்த்தான். அன்றும் சேவையிலேயே இருந்தார் என்பதை 'வோஸ் ஸ்ரில் சேர்விங்' என்பதால் உறுதிப்படுத்தினான். ஒரு வசனத்தில் மூன்று வினைகள், மூன்று வடிவங்கள். மூன்றும் இறந்தகாலமே. ஆயினும், ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை அங்கு வைக்க முடியாது. 'வோஸ் சேர்விங்' என்ற இடத்தில் 'ஹாட் ரிரையட்' என்று வந்திருந்தால், தாய்க்குரிய பணத்தின் கணக்கே வேறு வழியிற் போயிருக்கும். விரிவுரையாளர் அதில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சில மாதங்களின் பின் முதற் கொடுப்பனவும் நிலுவையும் வந்தன. காப்புச் சோடி மீட்கப்பட்டது.

அவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது ஒரு மாலை தாய் அயலவருடன் பேசிக்கொண்டிருந்தார். 'அவர் விடிய நாலு மணிக்கே எழும்பிவிடுவார். கிணற்றடியில தேவாரம் படிச்சுக்கொண்டுதான் குளிப்பார். பிள்ளையளுக்கு அடிக்கமாட்டார்' என்று அவர் கூறுவது மகனின் காதில் விழுந்தது. எழும்புவார், குளிப்பார், அடிக்கமாட்டார். வடிவத்தால் எல்லாம் எதிர்காலம். இறந்து இரண்டாண்டாகப் போகும் ஒருவரைப் பற்றிய சொற்கள் அவை. கேட்டவர் எவருக்கும் அதில் மயக்கம் இல்லை. வழக்கமாக நிகழ்ந்ததைத் தமிழ் இவ்வாறு கூறும்.

இதற்கு ஆங்கிலம் என்ன செய்யும் என்னும் கேள்வியுடன் அவன் பேராதனைக்குத் திரும்பினான். விடை எளிதாக இருந்தது. ஆங்கிலமும் இவ்விடத்தில் எதிர்காலத்துக்கு உதவும் 'வில்' என்பதையே எடுத்து, அதனை இறந்தகால வடிவமாக்கி, 'வுட்' என்று கூறும். அவர் நான்கு மணிக்கு எழும்புவார் என்பதை 'ஹீ வுட் கெற் அப்' என்று சொல்லலாம். 'வுட்' என்பதை அவன் அதுவரை நிபந்தனை வாக்கியங்களிலும் மரியாதை வேண்டுகோள்களிலும் மட்டுமே கண்டிருந்தான். கந்தோருக்கு வேண்டிய வசனம் தந்தையாரின் சேவையை ஒரு திகதியில் முடித்து வைத்தது. தாயின் வசனமோ அவருடைய விடியற்காலைகளைத் திகதியின்றி வைத்திருந்தது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் இடம் இருந்தது.

காலங்களைத் திறமையாகக் கையாளப் பின்னர் அவனுக்குப் பல ஆண்டுகள் சென்றன. விதியை விளங்கிக்கொள்வதற்கும், பேசும்போது அது தானாக நாவில் வருவதற்கும் இடையே உள்ள தூரம் வாசிப்பாலும் பேச்சாலும் மட்டுமே குறைவது. அதற்குக் குறுக்குவழி எதனையும் அவன் கண்டறியவில்லை. அவன் கண்டறிந்தது ஒன்றே. 'இத்தமிழ் வினைக்கு நேரான ஆங்கில வினை எது?' என்று கேட்பதை விடுத்து, 'இதனை எங்கு நின்று பார்க்கிறேன்?' என்று கேட்கப் பழகினான். முன்னைய கேள்விக்கு ஒரே வினை பத்து இடத்திற் பத்து விடை தரும். பின்னைய கேள்விக்கு இடந்தோறும் ஒரு விடையே உண்டு.

பிற்காலத்தில் அவனும் ஆசிரியனானான். தந்தையாரின் கொப்பியை அவன் எறிந்துவிடவில்லை. மாணவர்க்கு அதனைக் காட்டியே பாடத்தைத் தொடங்குவான். பன்னிரண்டு வரிகளின் நடுவே இருந்த சமன்குறிகள் அவ்வாறே இருக்கின்றன. அவற்றின் கீழே, வேறொரு கையெழுத்தில், பதின்மூன்றாவது வரியொன்று சேர்க்கப்பட்டுள்ளது. இடப்புறத்தில் 'ஹீ வுட் கெற் அப் அற் போர்'. வலப்புறத்தில், அவன் தாய் சொன்னபடியே, 'அவர் விடிய நாலு மணிக்கே எழும்பிவிடுவார்'.